இடது கை தள்ளிய தட்டு

லூர்துராணியின் பணி ஓய்வு விழாவில் ஏழெட்டுப் பேர் பேசினார்கள். அர்ப்பணிப்பு, எளிமை, ஏணி, மெழுகுவர்த்தி எல்லாம் வந்தன. அவள் முப்பது வருஷமாக எதைச் சொல்லிக்கொடுத்தாள் என்பது மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தன மாலையைப் போட்டு, கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அதே கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள். ஸ்ரீரங்கத்துக்காரி. இலையைப் பார்த்தால் இலை என்று சொல்லிப் பழகியவள். தத்துவம் எனக்கு ஆகாது. ஆனால் லூர்துராணியை எனக்குத் தெரியும்.

பாலக்கரையில் ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நின்று வழிவிட வேண்டும். அந்தச் சந்து முனையில் அவள் அப்பா தையல் கடை வைத்திருந்தார். சட்டை தைக்க வருகிறவன் "கொஞ்சம் தொளதொளன்னு இருக்கட்டும்" என்பான். ஒருத்தனுடைய தொளதொளப்பு இன்னொருத்தனுக்குச் சாக்குப்பை. அதனால் அப்பா டேப்பை எடுப்பதற்கு முன்னால், "பழைய சட்டை ஒண்ணு கொண்டாங்க தம்பி" என்று கேட்பாராம். முழங்கை எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தப் பட்டன் அடிக்கடி அறுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவன் சொன்னதற்கு அர்த்தம் பண்ணுவார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் படிச்ச படிப்பெல்லாம் அங்க ஆரம்பிச்சதுதான்" என்று பின்னாளில் சொல்வாள்.

அவள் படித்த படிப்பு இதுதான். ஒருவர் சொன்னதை இன்னொருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்? ஐரோப்பாவில், முக்கியமாக ஜெர்மனியில், இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு இருநூறு வருஷத்துக்கு மேலாக மண்டையை உடைத்திருக்கிறார்கள். முதலில் பைபிளுக்கும் சட்டத்துக்கும் உரை சொல்வதற்காக ஆரம்பித்தது, பிறகு மனிதன் மனிதனைப் புரிந்துகொள்வது வரைக்கும் வளர்ந்துவிட்டதாம். தமிழில் அவள் அதைப் பொருள்கோள் இயல் என்பாள். நான் முதன்முதலில் கேட்டபோது சிரித்தேன்.

"என்னடி இது? எங்க ஊர்ல ஒரு பாசுரத்துக்கு ஒரு வாரம் காலட்சேபம் பண்றா. ஒரு சொல்லுக்கு ஆறு அர்த்தம் சொல்லி, ஆறையும் நெலநாட்டுவா. உன் ஜெர்மன்காரன் புதுசா என்னத்தைச் சொல்லிட்டான்?"

வேறொருத்தியாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பாள். இவள், "அப்படியா? என்னைக் கூட்டிட்டுப் போ, கேக்கணும்" என்றாள். நானும் வாய்க்கொழுப்பில் சரி என்றுவிட்டேன். உத்தர வீதியில் ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்த காலட்சேபத்துக்கு வந்து, பெண்கள் பக்கம் தூணோரமாக உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு மணி நேரம் அசையாமல் கேட்டாள். எனக்கே நடுவில் கண் சொக்கியது. வெளியே வந்து ரங்கா ரங்கா கோபுரம் வரைக்கும் நடக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, புதையல் எடுத்தவள் முகம்.

"கோமளா, கவனிச்சியா? அவர் அர்த்தம் சொல்றதுக்கு முன்னாடி, தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு, முன்னாடி சொன்னவங்க எல்லாரையும் வணங்கிட்டுத்தான் ஆரம்பிச்சார். நீங்க அதை ஆசாரம்னு வெச்சிருக்கீங்க. நான் படிக்கிறவங்க அதையே தத்துவமா சொல்றாங்க. நாம தப்பா இருக்கலாம், எதிர்ல இருக்கறவர் சரியா இருக்கலாம்னு ஒத்துக்கிட்டாத்தான் புரிஞ்சுக்கறதே ஆரம்பிக்கும்."

அன்றிலிருந்து நான் கிண்டலைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை.

அவள் வகுப்புக்கு எப்போதும் கூட்டம் கிடையாது. ஒரு பெஞ்சு நிறைந்தால் அது நல்ல வருஷம். கடைசியில் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகத் துறையே மூடப்பட்டு, எல்லா மாணவர்களுக்கும் பொதுவான நல்லொழுக்கப் பாடம் நடத்தும்படி ஆகிவிட்டது. அவள் அதிலும் தன் சரக்கைத்தான் விற்றாள். நான் ஒரு நாள் வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறேன். யாரோ ஒரு பெண், "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றாங்களே மேடம், ஒரு பேச்சை வெச்சே ஆளை எடை போடலாமே" என்றாள்.

"போடலாம். ஆனா அந்த ஒரு சோத்தை நசுக்கிப் பாக்கறதுக்கு முன்னாடியே, பானையில இருக்கறது சோறுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கே, அது எப்படி? முழுசைப் பத்தி ஏற்கெனவே ஒரு முடிவோடதான் நாம ஒரு பருக்கையைத் தொடறோம். பருக்கை வேற மாதிரி இருந்தா முழுசைப் பத்தி வெச்சிருந்த முடிவை மாத்திக்கணும். இப்படிப் போய்ப் போய் வரணும். முன்முடிவு இல்லாத மனுஷன் கிடையாது. தனக்கு அது இருக்குன்னு தெரிஞ்சவன், தெரியாதவன், ரெண்டு சாதிதான்."

அதே வகுப்பில் இரண்டு கட்சிகளைப் பற்றிச் சொன்னாள். பழைய கட்சிக்காரர்கள், ஒருவரைப் புரிந்துகொள்வது என்றால் அவர் மனசுக்குள் நாம் புகுந்து பார்ப்பது, அவர் தன்னை அறிந்ததைவிட நாம் அவரை நன்றாக அறிவது என்றார்கள். பின்னால் வந்தவர்கள் அதெல்லாம் நடக்காது என்று மறுத்துவிட்டார்கள். யார் மனசுக்குள்ளும் யாராலும் போக முடியாது. அவர் எதைப் பார்த்துப் பேசுகிறாரோ அந்த விஷயத்தை நாமும் அவர் பக்கத்தில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். ஒரு பேச்சு எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது என்று தெரிந்தால் பேச்சு புரிந்துவிடும். லூர்துராணி இரண்டாவது கட்சி. அந்தக் கட்சிக்காக உயிரையும் விடுவாள் போலிருக்கும், அவள் பேசுகிற வேகத்தைப் பார்த்தால்.

அவள் வீட்டுக்காரர் அடைக்கலராஜ் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு அடுப்படியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். காலையில் இவள் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இட்லியை விழுங்குவாள். அவர் பக்கத்தில் நின்று சட்னி ஊற்றுவார். டிபன் பாக்ஸைக் கையில் கொடுப்பார். மகள் சுஜா வளர்ந்ததும் அந்தச் சமையலில்தான். மனைவியை அவர் "டீச்சர்" என்றே கூப்பிடுவார். "டீச்சருக்கு உலகத்துல எல்லார் பேச்சும் புரியும். எம் பேச்சு ஒண்ணுதான் காதுல விழாது" என்பார். இவள் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல் "ம்" என்பாள். நாங்கள் இருவரும் சிரிப்போம்.

பாலக்கரை மாதா கோயில் திருவிழாவில் ஊர்ச் சாப்பாடு போடுவார்கள். சாதி மதம் பாராமல் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பந்தி மொத்தமும் அடைக்கலராஜ் பொறுப்பு. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் நடப்பதே ஒரு அழகு. அவரிடம் ஒரு சட்டம் உண்டு. பரிமாறுகிறவன் கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் உட்கார வேண்டும். இடையில் அப்பளத்தைக் கடித்த ஆளை அடுத்த வருஷம் வாளி தொட விடமாட்டார்.

என்னைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். நான் வெளியில் கை நனைப்பதில்லை. எங்கள் அகத்துப் பழக்கம் அப்படி. முப்பது வருஷமாக லூர்துராணி வீட்டுக்குப் போய்வருகிறேன், ஒரு வாய்ச் சோறு சாப்பிட்டதில்லை. அதை அடைக்கலராஜ் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவே இல்லை. எனக்கென்று பூவன் பழம் வாங்கி ஆணியில் தொங்கவிட்டிருப்பார். தோலுள்ள பழத்துக்குத் தோஷமில்லை என்பது எங்கள் வியாக்கியானம். நான் பழத்தை உரித்து முழுசாகச் சாப்பிடுகிற வரைக்கும் கதவருகில் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

போன வருஷம் ஆடி மாசம், கடைக்குப் போய்விட்டு வந்து படியேறும்போதே விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே தலையாட்டல்தான். அதையும் நம்ப முடியாது என்று டாக்டரே சொன்னார். ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். பிறகு விழுங்குகிற சக்தி திரும்பிவிட்டது என்று பரிசோதித்துப் பார்த்து, குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். குழைத்த சாதமாக வாயாலேயே கொடுங்கள் என்றார்கள். வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள கமருன்னிசா என்ற நர்ஸ் பெண் வந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை. மனிதர் சாப்பிட மாட்டேன் என்கிறார்.

கட்டிலின் குறுக்கே சக்கர மேஜையை இழுத்து, தட்டை வைத்து, ஒரு கவளம் எடுத்தால் போதும், இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாயருகில் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். பருப்புச் சாதம், ரசம் சாதம், மசித்த இட்லி, மீன் குழம்பின் தெளிவு எல்லாம் பார்த்தாகிவிட்டது. லூர்துராணி கெஞ்சினாள், அழுதாள், ஒரு நாள் அதட்டினாள். கமருன்னிசா கதை சொல்லிப் பார்த்தாள். கட்டாயப்படுத்தி நாலு ஸ்பூன் கஞ்சி இறங்குவதே பெரிய காரியம். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

நடுவில் ஒரே ஒரு நாள் சாப்பிட்டார். சுஜா புனேயிலிருந்து வந்த அன்று. ரயில் தாமதமாகி அவள் பசியோடு வந்து சேர்ந்ததால், முதலில் எல்லாரும் அந்த அறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார்கள். அப்புறம் அவருக்கு ஊட்டினால், ஒரு தட்டு முழுக்க உள்ளே போயிற்று. மகளைப் பார்த்த சந்தோஷம் என்றார்கள். மறுநாள் அவளே மடியில் தட்டை வைத்து ஊட்டினாள். தள்ளிவிட்டார். அப்படியானால் முந்தின நாள் வைத்த கத்தரிக்காய்க் கூட்டுதான் காரணம் என்று ஒரு வாரம் கத்தரிக்காயாக வாங்கினார்கள். அதற்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லீவு முடிந்து சுஜா போய்விட்டாள்.

டாக்டர் கெடு வைத்தார். வருகிற திங்கட்கிழமை பார்ப்போம், அதற்குள் வாயால் சாப்பிடாவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்றார். வைத்துவிடலாம் என்று சுஜா போனில் அழுதாள்.  நான் போனபோது லூர்துராணி என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னாள்.

"நான் குழாய்க்குச் சம்மதிக்கப் போறதில்லை கோமளா."

"என்னடி சொல்றே?"

"அவர் போகணும்னு முடிவு பண்ணிட்டார். ராத்திரி பகலா அவர் முகத்தையே பாத்துட்டு இருக்கேன். தட்டைத் தள்ளிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கறாரே, அதுல ஒரு வெக்கம் இருக்கு, ஒரு வேதனை இருக்கு. நாலு பேருக்கு வாளி தூக்கிப் போட்ட மனுஷன். இப்படி இன்னொருத்தர் கையால ஊட்டி உயிர் வாழ அவருக்குப் பிடிக்கலை. பேச முடியாதவர் சொல்ற ஒரே வார்த்தை அது. அதையும் நான் கேக்கலைன்னா எப்படி?"

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நானும் அழுதிருப்பேன். அவள் தெளிவாகச் சொன்னாள்.  அதில்தான் எனக்குக் கோபம் வந்தது.

"ஊருக்குத்தான் உபதேசமா? ஒருத்தர் மனசுக்குள்ள இன்னொருத்தர் பூர முடியாதுன்னு வாய் கிழிய கிளாஸ் எடுத்தவ நீதானே? இப்ப அவர் மனசுக்குள்ள போய்ப் பாய் விரிச்சுப் படுத்துண்டு வந்தவ மாதிரி பேசறே!"

 நான் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். காவிரிப் பாலம் தாண்டும்போது ரொம்பப் பேசிவிட்டோமோ என்று இருந்தது. ஆனால் பேசினது பொய்யில்லை.

அந்தச் சனிக்கிழமை ஒரு கல்லூரியில் அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நாலு மாசம் முன்னாலேயே ஒத்துக்கொண்ட சொற்பொழிவு. அவள் போகமாட்டேன் என்று உட்கார்ந்தாள். நான்தான் விரட்டினேன். "நீ போ. இந்த முகத்தை ஒரு மூணு மணி நேரம் பாக்காம இரு. மத்தியான சாதத்தை நான் குடுக்கறேன்" என்றேன். கமருன்னிசா கூட இருந்தாள்.

எனக்கு மூட்டு வலி. லூர்துராணியும் கமருன்னிசாவும் உட்கார்ந்து ஊட்டுகிற முக்காலி அவருடைய இடது பக்கம் ஜன்னலோரம் இருந்தது. முதுகு சாய்க்க முடியாத அதில் என்னால் உட்கார முடியாது. அதனால் வலது பக்கம் சுவரோரம் கிடந்த கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கமருன்னிசா ரசம் சாதத்தைக் குழைய மசித்து மேஜையின் இடது ஓரத்தில், அவருடைய நல்ல கைப் பக்கம் வைத்தாள். நான் ஸ்பூனை எடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் அவர் இடது கையைத் தட்டில் வைத்தார். மேஜையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும், விழுந்து கிடந்த தன் வலது கைக்கு மேலாக, பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை இழுத்து வந்து என் மேல் தள்ளினார். ரசம் என் புடவையில் கொட்டியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லூர்துராணி திரும்பி வந்தபோது நான் புடவையைக் கசக்கிக்கொண்டு நின்றேன். வந்த கோபத்தில் பேச்சு எப்படிப் போயிற்று என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

"என்ன இருந்தாலும் சாதம் இல்லையோ? இடது கையால அப்படியா என் மேல தள்றது?"

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "உன் மேலயா? நீ எங்க உக்காந்திருந்தே?"

"அதோ, அந்த நாற்காலில."

"வலது பக்கமா?" அவள் மேஜையைப் பார்த்தாள். ரசத்தின் தடம் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் கோடு மாதிரி கிடந்தது. கமருன்னிசா இன்னும் துடைக்கவில்லை. "வேண்டாம்னா அந்தப் பக்கம் ஒரு தட்டுத் தட்டினாப் போதுமே. கீழ விழுந்திருக்கும். எதுக்கு இவ்வளவு தூரம் கஷ்டப்பட்டு இழுக்கணும்?"

"எங்கிட்டயும் எம் பக்கமாத்தான்மா தள்ளுவாரு. நான் அந்தப் பக்கமே உக்காந்திருந்ததால ஒண்ணும் தோணலை" என்றாள் கமருன்னிசா.

லூர்துராணி என் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் செய்ததுபோல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தலையணையின் உயரத்துக்குத் தன் தலையைச் சாய்த்துக்கொண்டு, அவர் இருக்கிற இடத்திலிருந்து எது தெரிகிறதோ அதைப் பார்த்தாள். மேஜை. தட்டு. தட்டுக்கு அந்தப் பக்கம் சாப்பிடாமல் நிற்கிற இரண்டு பெண்கள்.

"இன்னிக்கு அங்க ஒரு பொண்ணு கேட்டா, கோமளா. ஒரு பேச்சு எந்தக் கேள்விக்குப் பதில்னு பாக்கணும்னு சொல்றீங்களே, பேச்சே இல்லாதவங்களை என்ன பண்றதுன்னு.  ஏதோ சொல்லிச் சமாளிச்சேன்." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சாப்பிடறீங்களா இல்லையான்னுதான் நாம இவரைக் கேட்டுட்டே இருந்தோம். இவர் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லலைடி. நீங்க சாப்பிட்டீங்களான்னு இவர் நம்மளைக் கேட்டுட்டு இருக்கார்."

எனக்குப் பிடிபட ஒரு நிமிஷம் ஆயிற்று. இடது கை. எங்கள் ஊரில் யாராவது இடது கையால் சோறு கொடுப்பார்களா? எச்சில் இலையை ஒதுக்கத்தான் அந்தக் கை. அந்தக் கை தள்ளினால் வேண்டாம் என்றுதான் எவளும் நினைப்பாள். நானும் நினைத்தேன், அவளும் நினைத்தாள், பெற்ற மகளும் நினைத்தாள். கொடுக்க அவருக்கு வேறு கை இல்லை என்பது ஒருத்திக்கும் உறைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் வலது கையால் பரிமாறியவருக்கு இடது கையால் சோற்றைத் தள்ளுவது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும். அந்தக் கூச்சத்தில்தான் தட்டைத் தள்ளியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் இவள் சாவை எழுதிவிட்டாள்.

"சுஜா வந்த அன்னிக்கு நாங்க எல்லாரும் முதல்ல சாப்பிட்டுட்டோம்" என்றாள் லூர்துராணி. பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்: "ஏங்க, இத்தனை வருஷமா உங்க கையால சாப்பிட்டிருக்கேன். நீங்க எப்ப சாப்பிடுவீங்கன்னு எனக்குத் தெரியாது. ஒரு நாள்கூட பாத்ததில்லை."

அவர் ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தார். அவள் அழுதாள், நானும் அழுதேன். சொல்லிக்கொள்வதில் எனக்கென்ன வெட்கம்? அவள் மட்டும் சீக்கிரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்து நினைத்து வியக்கிறேன். தன் முடிவு தப்பு என்று தெரிந்ததும், அதைக் கட்டிக்கொண்டு அழுது மாய்ந்துபோகாமல், "இதுவும் என் ஊகம்தான். சரியான்னு பாப்போம்" என்று எழுந்தாளே, அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

கமருன்னிசாவைத் தட்டுகள் கொண்டுவரச் சொன்னாள். சாதமும் ரசமும் பீன்ஸ் பொரியலும் அறைக்கு வந்தன. மேஜையில் கிடந்த அவருடைய தட்டை மறுபடி அவர் இடது கைப் பக்கம் வைத்தாள். கை மெல்ல வந்தது. தட்டைத் தள்ளியது. இந்தத் தடவை அவள் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். அவர் திடுக்கிட்டு முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் அந்தத் தட்டிலிருந்தே பிசைந்து, அவர் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டாள். மசித்த சோற்றை, உப்பில்லாத ரசத்தை, பந்தியில் உட்கார்ந்தவள் மாதிரி வழித்துச் சாப்பிட்டாள். கமருன்னிசாவும் முக்காலியில் உட்கார்ந்து தன் தட்டை முடித்தாள்.

பிறகு லூர்துராணி புதிதாக மசித்த சாதத்தை ஸ்பூனில் எடுத்து அவர் வாயருகில் கொண்டுபோனாள். 

உதடு திறக்கவில்லை.

அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் தலையைச் சாய்த்து, அவர் எதைப் பார்க்கிறார் என்று பார்த்தாள். பிறகு அவளும் என்னைப் பார்த்தாள். கமருன்னிசாவும் பார்த்தாள்.

அறையில் சாப்பிடாமல் நின்றவள் நான் ஒருத்திதான்.

நான் ஆணியைப் பார்த்தேன். வெறும் ஆணி. பழம் வாங்கித் தொங்கவிடுகிறவர் கட்டிலில் கிடந்தார். அவர் விழுந்ததிலிருந்து அந்த வீட்டில் பூவன் பழம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"கோமளா, கமருவைக் கடைக்கு அனுப்பறேன். அஞ்சு நிமிஷம். நீ கஷ்டப்படாதே" என்றாள் லூர்துராணி. அந்த நேரத்திலும் என் ஆசாரத்துக்கு மரியாதை கொடுக்கிறாள் பாருங்கள்.

"கடைக்கு ஒண்ணும் போக வேண்டாம். ஒரு தட்டைக் கொண்டா" என்றேன்.

சாதம் வந்தது. அவர் இடது கையை நீட்டி அந்தத் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் வாங்கிக்கொண்டேன். கை நனைத்தேன்.   முதல் கவளம் இறங்கியது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் கதவருகில் நின்று, நான் பழம் சாப்பிட்டு முடிகிற வரைக்கும் பார்த்தாரே, அதே பார்வை. நான் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைச் சாய்த்துக் காட்டினேன்.

"கடைசிப் பந்தி எழுந்தாச்சுங்க. இனி நீங்க உக்காரலாம்" என்றாள் லூர்துராணி.

அவர் வாயைத் திறந்தார்.

நிதானமாக, ஒவ்வொரு கவளமாக, கன்னத்தில் ஒதுக்கி ஒதுக்கி விழுங்கினார்.  சந்தில் யாரோ வண்டியை ஸ்டார்ட் பண்ண முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். தட்டு காலியாயிற்று. அப்போது அவர் இடது கையை எடுத்துக் காலித் தட்டை மறுபடியும் மெல்ல லூர்துராணி பக்கம் தள்ளினார்.

"இதுக்கு என்னடி அர்த்தம்? போதும்ங்கறாரா, இன்னும் வேணும்ங்கறாரா?" என்று கேட்டேன்.

"தெரியலையே" என்றாள் லூர்துராணி. அத்தனை நாளில் அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அவள் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கி அவர் கண்ணுக்கு எதிரில் பிடித்துக்கொண்டு, "இரு, கேட்டுப் பாக்கறேன்" என்றாள்.